முதல் டிவிஷனில் பத்து ஆண்டும் ஒரு விசிலும்

25 ஆகஸ்ட் 1986

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அம்மா, நான், பஸ் மூவரும் சௌக்கியம். மூவரில் பஸ்ஸுக்குத்தான் கொஞ்சம் இருமல். அந்த ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுக்கிறாய், சொந்த வீட்டோடு பேச உனக்கு ஒரு லைன் கிடைக்கவில்லை. போகட்டும், கடிதம்தான் நமக்குச் சரி. போனில் நீ ‘சரிப்பா, சரிப்பா’ என்று சொல்லி வைத்துவிடுவாய்.

நம் பாய்லர் தொழிற்சாலை கால்பந்து கிளப் சனிக்கிழமை முதல் டிவிஷனில் முதல் ஆட்டம் ஆடிவிட்டது. அவ்வளவு பெரிய மைதானத்தை நான் பார்த்ததே இல்லை. நான் ஓட்டிப்போன டீம் பஸ்ஸைக் கேட்டில் காவலாளி நிறுத்திவிட்டான்.

“லேபர் வண்டியெல்லாம் பின்பக்கம்.”

நம் கோச் வாத்தியார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “நாங்கதான்யா இன்னைக்கு ஆடப்போற டீம்.”

அவன் பஸ்ஸை மேலும் கீழும் பார்த்தான். “அப்படின்னா இங்கயே ஓரமா நிறுத்துங்க. சீக்கிரம் முடிஞ்சிடும், கிளம்ப வசதியா இருக்கும்.”

ஐந்து கோல் வாங்கினோம். அதில் இரண்டாவது சுத்தமான ஆஃப்சைடு. அந்த விசில்காரனுக்குக் கண் எதற்கு இருக்கிறதோ தெரியவில்லை, மூக்குக் கண்ணாடி மாட்டத்தான் போலிருக்கிறது. நான் கத்திய கத்தலில் எனக்குக் குரலே போய்விட்டது. உனக்குச் சொல்கிறேன், தோற்ற பஸ் கனமாக இருக்கும். போகும்போது மூன்றாவது கியரில் ஏறிய மேட்டில் வரும்போது இரண்டாவதுக்கு இறக்க வேண்டியிருந்தது.

பஸ்ஸில் எல்லோரும் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் மட்டும் எழுந்து நின்று, “பேப்பர்காரன் நம்மள ஒரு வருஷ விருந்தாளி, மறுபடி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிடுவோம்னு எழுதியிருக்கான். விருந்தாளியா நாம? பெட்டி படுக்கையோட வந்திருக்கோம்டா” என்றார். நம் கோல்கீப்பர், ‘கதவு’ என்று எல்லோரும் கூப்பிடுகிறவன், பின்சீட்டிலிருந்து, “அஞ்சு ஓட்டையோட வந்திருக்கோம் சார்” என்றான். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அப்பா


14 செப்டம்பர் 1986

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். தண்ணீர் ஒத்துக்கொண்டது. அம்மாவுக்கு மருந்துக்கடையில் இன்னும் அதே நின்றபடி வேலைதானா? கால் வீக்கம் குறைந்ததா என்று எழுதச் சொல்லுங்கள்.

அந்த இரண்டாவது கோலைப் பற்றி ஒரு கேள்வி. பந்தை உதைத்த நேரத்தில் அவன் எங்கே நின்றான் என்று பார்த்தீர்களா, அல்லது பந்து அவனிடம் வந்த நேரத்தில் பார்த்தீர்களா? உதைத்த நேரம்தான் கணக்கு. பெரும்பாலானவர்கள் தப்பான நேரத்தில் பார்த்துவிட்டுச் சரியாகக் கத்துகிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இங்கே ஒருவர் சொல்லக் கேட்டேன்.

எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தே இருப்பதால் காலையில் ஓடுகிறேன். உடம்புக்கு நல்லது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் வெளிவேலை இருக்கிறது, அதனால் இப்போதைக்கு ஊருக்கு வர முடியாது.

கதவு அண்ணனிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்


18 மே 1987

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம், நலம், மூன்று முறை நலம். தப்பிவிட்டோம்! விருந்தாளி இன்னும் ஒரு வருஷம் தங்கப்போகிறான்.

கடைசி ஆட்டம் நம் மைதானத்தில். டிரா செய்தால் போதும். ஆட்டம் முடிய வேண்டிய நேரம் தாண்டியும் அந்த விசில்காரன் ஊதவே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான், வானத்தைப் பார்க்கிறான், விசிலை மட்டும் வாயில் வைக்க மாட்டேன் என்கிறான். நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, “வீட்ல யாரும் தேட மாட்டாங்களாய்யா உன்னை?” என்று கத்தினேன். அந்தக் கடைசி நிமிஷத்தில் கதவு பாய்ந்து தடுத்த பந்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஆள் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஷிஃப்ட் முடிந்து வந்த தொழிலாளிகள் கரிச்சட்டையோடு உள்ளே இறங்கி அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். வெள்ளைச் சீருடை கறுப்பாகிவிட்டது. துவைத்தும் போகவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அம்மாவிடம் முழங்கால் வரை வருகிற கறுப்புக் காலுறை இரண்டு ஜோடி கேட்டு எழுதினாயாமே. எக்ஸ்சேஞ்சில் அவ்வளவு குளிரா? ஜன்னலைச் சாத்தச் சொல்.

இந்த வருஷம் நீ எழுதிய கடிதங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். அப்பாவுக்கு அடிக்கடி எழுது.

உன் அப்பா


13 மார்ச் 1989

அன்புள்ள மகளுக்கு,

சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நேற்று முன்தினம் உங்கள் ஊரில் நமக்கு ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று டிரா. பஸ்ஸில் ரேடியேட்டர் கோளாறு, சரி செய்ய ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை ஆகும் என்றார்கள். சரி, சொல்லாமல் போய் உன் முன்னால் நிற்கலாம் என்று உன் அறைக்கு வந்தேன். நீ இல்லை. வீட்டுக்கார அம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். நீ ரயில்வே மைதானத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்.

அம்மா கொடுத்த ஸ்வெட்டரை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அளவு சரியாக இருக்கிறதா என்று அம்மா கேட்கிறாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

அப்பா


20 மார்ச் 1989

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்வெட்டர் சரியாக இருக்கிறது. அம்மாவுக்கு என் அன்பு. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

ரயில்வே மைதானத்துக்கு எப்படிப் போவது என்று நீங்கள் வழி கேட்டதாக வீட்டுக்கார அம்மா சொன்னார். அதனால் இனி மறைத்துப் பயனில்லை. நீங்கள் பார்த்தது என்னைத்தான். நான் நடுவர் பயிற்சி முடித்து மூன்றாவது வருஷம் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெளிவேலை என்று நான் எழுதியது அதைத்தான். முதலில் பள்ளிப் பிள்ளைகள் ஆட்டம். இப்போது பெரியவர்கள் லீக்.

சின்ன வயதில் நீங்கள்தான் என்னை வேலியோரம் தூக்கி வைத்து ஆட்டம் காட்டினீர்கள். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் நடுவில் ஓடுகிற அந்த ஆளைப் பார்க்கப் பிடித்திருந்தது. யாருக்காகவும் ஓடாமல் அவ்வளவு தூரம் ஓடுகிறாரே என்று தோன்றும். நீங்கள் அவரைத் திட்டிக்கொண்டிருந்ததால் அப்போது சொல்லவில்லை. அப்புறம் சொல்ல வாய் வரவில்லை.

நான் விடப்போவதில்லை, அப்பா. உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் விடப்போவதில்லை. ஆனால் நீங்கள் ஏன் ஆட்டம் முடியும்வரை நிற்கவில்லை என்று மட்டும் தெரிய வேண்டும்.

உங்கள் மகள்


2 பிப்ரவரி 1990

கண்ணே,

அம்மா எழுதுகிறேன். எனக்குக் கால் வீக்கம் பரவாயில்லை. கடையில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

உன் மூன்று கடிதங்களுக்கும் அப்பா பதில் போடவில்லை என்று எழுதியிருந்தாய். கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னிடமும் அவர் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் கதவு மருந்து வாங்க வந்தவன் சொன்னான். அன்றைக்கு ரயில்வே மைதானத்துக்கு அவனும் அவரோடு வந்திருக்கிறான்.

நீ ஏதோ ஃபவுல் கொடுத்தாயாம். பக்கத்தில் நின்ற ஒருத்தன் உன்னைக் காது கூசுகிற மாதிரி பேசியிருக்கிறான். அப்பா பாய்ந்துபோய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டாராம். அவன், “என்னய்யா, உன் பொண்ணா?” என்று கேட்டிருக்கிறான். கூட்டமே திரும்பிப் பார்த்திருக்கிறது. உன் அப்பா கையை எடுத்துவிட்டு, “இல்ல” என்று சொல்லிவிட்டாராம். அதோடு திரும்பி நடந்து வந்துவிட்டாராம்.

அந்த ‘இல்ல’தான் அவரைத் தின்கிறது. உன்மேல் கோபம் இல்லை. இதை நான் சொன்னதாக அவருக்குத் தெரிய வேண்டாம். மைதானத்தில் இப்போது அவர் கத்துவதே இல்லையாம். டிரைவர் அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா என்று பிள்ளைகள் கேட்கிறார்களாம்.

அவராக எழுதுவார். கொஞ்சம் பொறு. காலுறை இன்னும் வேண்டுமானால் சொல்.

அம்மா


11 அக்டோபர் 1991

அன்புள்ள மகளுக்கு,

உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது? இங்கே நாங்கள் இருக்கிறோம்.

ஒரு சந்தேகம். நம் பின்வரிசை ஆட்டக்காரன் நெட்டை தெரியும் உனக்கு. அவன் கோட்டுக்கு வெளியிலிருந்து கையால் த்ரோ எறிந்தால் அடுத்த தெருவில் போய் விழும். சனிக்கிழமை அவன் எறிந்த பந்து யார்மேலும் படாமல் நேராக எதிரணி கோலுக்குள் போய்விட்டது. நடுவர் கோல் இல்லை என்றார். ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். பஸ்ஸில் ஒரே ரகளை. எல்லோரும் அவரைத் திட்டினார்கள். நான் மட்டும், “பொறுங்கடா, ஏதாவது விதி இருக்கும்” என்றேன். “அண்ணே, நீங்களா பேசுறது?” என்று வாத்தியார் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த விஷயம் தெரிந்த ஆள் நீ ஒருத்திதான்.

தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். அம்மா எழுதியிருப்பாள். கிளப்பையும் இழுத்து மூடப் பார்த்தார்கள். ஊரே கூடிவிட்டது. கிளப் இப்போது ஊருடையது. பூட்டின தொழிற்சாலைக்கு எதிரிலேயே பயிற்சி நடக்கிறது. சங்கு ஊதாத ஊரில் பந்துச் சத்தம் மட்டும் கேட்கிறது. போன வருஷம் கடைசி ஆட்டத்தில் தப்பினோம், இந்த வருஷமும் தப்புவோம். பஸ்ஸுக்கு எஞ்சின் மாற்றியாகிவிட்டது. மாற்றியது நானும் வேலை போன ஃபிட்டர்கள் நாலு பேரும்.

நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. எழுத வரவில்லை. சந்தேகத்துக்கு மட்டும் உடனே பதில் போடு.

உன் அப்பா


16 அக்டோபர் 1991

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தை உறைமேல் பார்த்ததும் சுவிட்ச்போர்டில் இரண்டு பேரைத் தப்பாக இணைத்துவிட்டேன். ஒருவர் இன்னொருவரின் மாமியாரோடு பேசிவிட்டார்.

நடுவர் செய்தது சரி. த்ரோவில் நேராக எதிரணி கோலுக்குள் போனால் கோல் கிடையாது, கோல்கிக்தான். யாராவது ஒருவர்மேல் பட்டிருந்தால் கோல். நெட்டையிடம் சொல்லுங்கள், அடுத்த முறை யார் தலையையாவது குறிபார்த்து எறியட்டும்.

நான் கேட்டதற்குப் பதில் வேண்டாம், அப்பா. அது போதும், விடுங்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். நான் நலமாக, ரொம்ப நலமாக இருக்கிறேன்.

உங்கள் மகள்


12 ஆகஸ்ட் 1994

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் கணுக்கால் வலி போய்விட்டதா? வெந்நீர் ஒத்தடத்தை விடாதே.

நேற்றுப் பேப்பரில் முதல் டிவிஷன் நடுவர்கள் பட்டியல் உன் படத்தோடு வந்திருந்தது. அம்மா கடையில் அதைக் கத்தரித்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். தலைவலி மாத்திரை வாங்க வருகிறவன்கூட உன் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். பட்டியலில் ஒரே பெண். நாங்கள் முதல் டிவிஷனுக்கு வர முப்பது வருஷம் ஆயிற்று, நீ எட்டே வருஷத்தில் வந்துவிட்டாய்.

கிளப் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். “உங்க பொண்ணு நம்ம ஆட்டத்துக்கு வர மாட்டாங்களாமே, விதியாம்” என்றார். நீங்கள் டிரைவராக இருக்கிற வரைக்கும் அப்படித்தான் என்று இழுத்தார். உன்னால் நமக்கு ஒரு பெனால்டியாவது தேறும் என்று கணக்குப் போட்டிருப்பார் போல. “வந்தா முதல் கார்டு உங்களுக்குத்தான் காட்டுவா” என்றேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

போன வருஷம் ஆறாவது இடத்தில் முடித்தோம். இனி அதற்குமேல் போவோமா தெரியாது, கதவுக்கு நரைத்துவிட்டது. ஆனால் அதே பஸ், அதே வாத்தியார், முதல் டிவிஷனில் இது ஒன்பதாவது வருஷம். நம்மோடு மேலே வந்த மற்ற இரண்டு அணிகளை இப்போது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ஓடும்போது கல்லைப் பார்த்து ஓடு.

உன் அப்பா


29 ஏப்ரல் 1996

அன்புள்ள மகளுக்கு,

சுகமா? எனக்கு இரண்டு வாரமாக வயிறு சரியில்லை. சாப்பாட்டால் இல்லை, பாயிண்ட் பட்டியலால்.

நிலைமை இதுதான். இன்னும் மூன்று ஆட்டம் பாக்கி. நமக்குக் கீழே துறைமுக அணி. நாம் ஒரே ஒரு பாயிண்ட் மேலே. இரண்டில் ஒரு அணி மேலே இருக்கும், ஒன்று இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும். பத்து வருஷத்தில் எத்தனையோ தடவை ஓரத்துக்கு வந்து திரும்பியிருக்கிறோம், பள்ளத்தை எட்டிப் பார்த்த வண்டி இது. இந்த முறை பிள்ளைகளுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் ஒருவன்கூடப் பயிற்சிக்கு வராமல் இல்லை. நெட்டை முதுகில் பட்டை கட்டிக்கொண்டு வருகிறான்.

கடைத்தெருவில் யார் என்னைப் பார்த்தாலும், “என்ன டிரைவர், இருப்போமா?” என்றுதான் கேட்கிறார்கள். இருப்போம் என்கிறேன். வேறென்ன சொல்வது?

இந்த மாதம் உனக்கு எந்தெந்த ஆட்டம் என்று நான் கேட்க மாட்டேன். நீயும் எழுதாதே. சீசன் முடிந்ததும் இரண்டு பேரும் நிம்மதியாகப் பேசுவோம்.

உன் அப்பா


20 மே 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா எப்படி இருக்கிறார்? நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? கேட்பது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

துறைமுக அணியின் கடைசி ஆட்டத்துக்கு நான் ரிசர்வ் நடுவர். அட்டவணை குளிர்காலத்திலேயே போட்டது. உங்கள் கிளப்பின் தலையெழுத்து அந்த ஆட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் குழுவிடம் போய், என்னை மாற்றுங்கள் என்றேன். “ரிசர்வ்தானேம்மா, ஓரத்துல உட்காரத்தானே போறீங்க” என்றார்கள். இரண்டாம் பாதியில் நடுவருக்குக் கெண்டைக்கால் தசை கிழிந்துவிட்டது. விசிலை என் கையில் கொடுத்தார். வேறு ஆள் இல்லை.

கடைசி நிமிடங்களில் கோலுக்கு முன்னால் உள்ள பெட்டிக்குள் துறைமுக அணிக்காரனின் காலைத் தட்டிவிட்டார்கள். நான் கிட்டத்தில் இருந்தேன். பார்த்தேன். ஊதினேன்.

ஊதிய அந்தக் கணம் உங்கள் பஸ் கண்ணில் வந்தது. வந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் கை அதற்குள் பெனால்டி புள்ளியைக் காட்டியிருந்தது.

மன்னிப்புக் கேட்க மாட்டேன், அப்பா. கேட்டால் நான் ஊதியது தப்பு என்றாகிவிடும். ஊரில் உங்களை என்ன சொல்கிறார்களோ என்று மட்டும்தான் பயம். நான் இப்போதைக்கு அங்கே வரவில்லை. வந்தால் உங்களுக்குத்தான் கஷ்டம்.

உங்கள் மகள்


7 ஜூலை 1996

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். பதில் தாமதமாகிவிட்டது. பழைய மாதிரி வாயை மூடிக்கொண்டேன் என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. முழுதாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

அன்றைக்கு எங்கள் ஆட்டம் டிராவில் முடிந்தது. துறைமுக அணி ஜெயிக்காவிட்டால் நாங்கள் தப்பிவிடுவோம். அங்கே நடுவர் மாறியதால் ஆட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. என் பஸ்ஸில்தான் நல்ல ரேடியோ இருக்கிறது. மொத்த அணியும் ஈரச் சட்டையோடு வந்து வாசற்படியில் நெருக்கிக்கொண்டு நின்றது. நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ‘ரிசர்வ் நடுவராக இருந்த பெண்மணி’ என்று வர்ணனையாளர் சொன்னபோது கதவு என்னைப் பார்த்தான். நான் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் விசில் கேட்டது. ஒரே ஒரு நீளமான விசில். நீதான் என்று தெரிந்தது. பெனால்டி என்றான் வர்ணனைக்காரன். கோல் என்றான். நெட்டை படியிலேயே உட்கார்ந்துவிட்டான். வாத்தியார் ஒவ்வொருவரையும் முதுகில் தட்டி, “ஏறுங்க, ஏறுங்க, வீட்டுக்குப் போவோம்” என்று ஏற்றினார்.

வெயில் தாழாத நேரம். பாதி வழியில் புதுப் பையன் ஒருவன், இந்த வருஷம் வந்த முன்வரிசை ஆட்டக்காரன், பின்னால் இருந்து ஆரம்பித்தான். “எந்தப் பொம்பளைடா அது? காசு வாங்காம இப்படி ஊதுவாளா?” அதோடு நிற்கவில்லை. மீதியை நான் எழுத மாட்டேன். பழைய ஆட்கள் ‘டேய், டேய்’ என்று அடக்கினார்கள். அவனுக்குப் புரியவில்லை.

நான் வண்டியை ஓரம் கட்டினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். எஞ்சினை அணைத்தேன். முப்பது வருஷ சர்வீஸில் வண்டி ரிப்பேர் இல்லாமல் நடுவழியில் நான் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. எழுந்து நின்று திரும்பினேன். 

“அந்தப் பொம்பளை என் பொண்ணு” என்றேன்.

 அந்தப் பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அண்ணே, தெரியாம…”

“தெரியணும்னுதான் சொல்றேன். அவ பக்கத்துல நின்னு பார்த்திருக்கா. நாம இங்க ரேடியோல கேட்டோம். பார்த்தவ சொல்றத நம்புறதா, கேட்டவன் சொல்றத நம்புறதா? இன்னொரு வார்த்தை பேசுறவன் இறங்கி நடந்து வரலாம். ரோடு நல்லாத்தான் இருக்கு.”

அப்போது வாத்தியார் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார். “ஒரு வருஷம் பூரா நாம அடிக்காத கோலுக்கெல்லாம் அந்தப் பொண்ணு ஒரு விசில முழுங்கி வட்டி கட்டணுமாடா? அண்ணே, வண்டிய எடுங்க.”

எடுத்தேன். ஊர் எல்லையில் ஆட்கள் நின்றார்கள். ஊருக்கு வாயில்லையா, பேசினார்கள். செயலாளர் மறுநாள் கூப்பிட்டு, “கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுங்களேன்” என்று பஸ் சாவிக்குக் கை நீட்டினார். “எதுக்கு?” என்றேன். “ஜனங்க ஒரு மாதிரி பேசுறாங்க” என்றார். “நான் ஓட்டின பஸ்தான் இந்த டீமைப் பத்து வருஷம் மேல வெச்சிருந்த பஸ். கீழேயும் நான்தான் ஓட்டுவேன், மறுபடியும் மேலே நான்தான் ஏத்துவேன்” என்று சொல்லிவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் அந்தப் புதுப் பையன் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனான். விலகிப் போவான் என்று நினைத்தோம். இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். நெட்டையும் இருக்கிறான். கதவு இனி கோல்கீப்பர்களுக்குக் கோச்.

இன்னொன்று. டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நான் பார்க்கவில்லை. பயம்தான், உன்னிடம் என்ன மறைக்க. அது பெனால்டி இல்லை என்று என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால்? ஒரு மாதம் கழித்து கதவு கேசட் கொண்டுவந்தான். முதல் தடவை பார்த்தபோது ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருந்தது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை பந்தை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தேன். ரோட்டில் எதிரே வருகிறவன் முகத்தையா பார்ப்போம், அவன் சக்கரத்தைத்தானே பார்ப்போம். தட்டியிருக்கிறான். நன்றாகவே தட்டியிருக்கிறான். பத்தடி தூரத்தில் நீ நிற்கிறாய், உன் முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை. அம்மா அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, “இளைச்சிருக்கா” என்றாள்.

இரண்டாம் டிவிஷன் அட்டவணை வந்துவிட்டது. எல்லாம் மலைப்பாதை, குறுகலான பாலம். போன வாரம் காலிப் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய் இரண்டு வழிகளை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். போகலாம். கஷ்டம்தான், ஆனால் போகலாம்.

நீ வந்தால் எனக்குக் கஷ்டம் என்று எழுதியிருக்கிறாய். உன் கணக்கு அங்கேதான் தப்பு. ஒரு மைதானத்தில் ஒருத்தன் என்னைக் கேட்டதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். அம்மா உனக்கு எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதை ஒரு பஸ்ஸுக்குள் மட்டும் திருத்தினால் போதாது. லீவு போட்டு வா. ராத்திரி வண்டி வேண்டாம், பகல் வண்டியில் வா. ஸ்டேஷனில் நிற்பேன். பின் சந்து வழியாக இல்லை, கடைத்தெரு வழியாகவே நடந்து வீட்டுக்குப் போவோம். யார் கேட்டாலும் நான் பதில் சொல்கிறேன்.

உன் அப்பா

கண்ணே, அம்மா. இவர் உனக்கு முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கப் போகிறாராம். வேண்டாம். நீ நடுவில் நட. நாங்கள் இரண்டு பக்கமும் வருகிறோம்.